அடுத்த பஸ்ஸில் வருகிறவர்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் பஸ் ஏறும் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு துணிக்கடை இருக்கிறது. நானும் என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை தோறும் சண்டை பிடிப்பவர்கள் என்று அதன் முதலாளி பல வருடங்களாக நம்பி வந்தார். அவர் ஒரு முஸ்லிம் மனிதர், நல்லவர். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. அவர் கண்ட காட்சி அப்படி. நல்ல சேலை ஒன்று உடுத்து, கையில் பையோடு மனைவி வருவாள். இரண்டடி பின்னால் நான் வருவேன். மட்டக்குளி பஸ் வரும். அவள் ஏறுவாள், நான் ஏற மாட்டேன். பஸ் போய்விடும். நான் தரிப்பிடத்தில் நின்றபடி அவருடைய கண்ணாடிக்குள் சேலை சுற்றி நிற்கும் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த பஸ் வந்ததும் அதில் ஏறி, அவள் போன வழியிலேயே போவேன்.

"என்ன மாஸ்டர், இன்னைக்கும் கோவமா?" என்று கேட்பார் முதலாளி. "நீங்க ஒரு சொல்லு எறங்கிப் பேசினா என்ன கொறஞ்சா போயிடும்? பொம்புளைங்க மனசு நல்ல மனசு."

நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன். உண்மையை விளக்குவதைவிடக் கோபக்கார மனைவி ஒருத்தி இருப்பது வசதியாக இருந்தது. அந்தப் பழியை இத்தனை காலமும் அவள் தலையில் போட்டுவிட்டு நின்றேன் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதலாளி நினைத்த சண்டை உண்மையாகவே நடந்திருக்கும்.

உண்மை என்னவென்றால், நானும் மனைவியும் ஒரே பஸ்ஸில் போவதில்லை. அது எங்கள் வீட்டு விதி. அதைப் போட்டவன் நான்.

நான் அளவையியல் படிப்பித்தவன். சரியாக யோசிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. உயர்தரத்தில் வேறு பாடம் சரிவராத பிள்ளைகள் கடைசியாக வந்து விழுகிற பாடமும் அதுதான். வெள்ளவத்தை மாடி மண்டபங்களில், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்தி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை யோசிக்க வைத்தேன் என்று ஒரு நினைப்பு எனக்கு. வகுப்பில் நான் அடிக்கடி சொல்லுகிற வசனம் ஒன்று உண்டு. "எடுகூற்று எண்ட காரணம்தான் சுவர். முடிவு கூரை. சுவர் விழுந்தாப் பிறகும் கூரை அந்தரத்தில நிக்குது எண்டு நினைக்கிறவன் மடையன்." பிள்ளைகள் சிரிப்பார்கள். சிலர் குறித்துக்கொள்வார்கள். நான் கையில் பட்ட சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போவேன்.

வாத்தியார் வீட்டுக் கூரை எதில் நிற்கிறது என்று யாரும் வந்து பார்க்கவில்லை.

விதி போர்க்காலத்தில் பிறந்தது. அப்போதுதான் நாங்கள் கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்கு வந்திருந்தோம். மனைவியின் அக்கா மட்டும் கொட்டாஞ்சேனையிலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில் என்பது கல்யாணமான நாள் முதல் உள்ள வழக்கம். அதை விட மனைவிக்கு மனமில்லை. அக்காவின் மீன்குழம்பை விட எனக்கும் மனமில்லை. ஆகவே வாரம் ஒருமுறை கொழும்பின் தெற்கிலிருந்து வடக்குக்கு மட்டக்குளி பஸ்ஸில் போய்த் திரும்பியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஏறினால் முதல் வேலை குனிந்து இருக்கைக்குக் கீழே பார்ப்பது. யாருடையது என்று தெரியாத பை ஏதும் இருக்கிறதா என்று. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் குனிவோம். பிறகு சோதனைச் சாவடி வரும். எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்து போவோம். அங்கே நிற்கும் ஆமிப் பொடியன் தமிழ்ப் பெயருள்ள என் அடையாள அட்டையை மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசிப்பான். பஸ்ஸுக்குள் ஊரோடு சேர்ந்து குண்டுக்குப் பயந்தேன், இறங்கியதும் தனியாகச் சாவடிக்குப் பயந்தேன். மனைவி வீட்டிலிருந்து புறப்படும்போதே, தமிழர் என்று காட்டிக்கொடுக்கும் பொட்டை எடுத்துவிட்டுத்தான் வருவாள். அக்கா வீட்டுக் கண்ணாடியில் திரும்ப ஒட்டிக்கொள்வாள்.

இவ்வளவுக்கும் பஸ்ஸில் குழப்பம் உண்டாக்கியவன் நான்தான். ஒருநாள் வகுப்புக்குப் போகும்போது என் மதியச் சாப்பாட்டுப் பையை இருக்கைக்குக் கீழே மறந்துவிட்டு இறங்கிவிட்டேன். நாலு கடை தாண்டியதும் பசி ஞாபகத்துக்கு வர, திரும்பி ஓடினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் எல்லோரும் தெருவின் மறுபக்கத்தில் நின்றார்கள். ஆமிக்காரர் ஒருவர் நீளத் தடி ஒன்றால் என் புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் மிக மெதுவாகக் கிளறிக்கொண்டிருந்தார். அது என்னுடையது என்று சொல்வதா விடுவதா என்று அங்கேயே நின்று தர்க்கம் பண்ணினேன். சொன்னால் பிடிப்பார்கள், சொல்லாவிட்டால் பசி. கடைசியில் பசியோடு வகுப்புக்குப் போய், துணிவு என்பது என்ன என்று அரைமணி நேரம் விளக்கினேன். பிள்ளைகள் நன்றாக எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரம்தான் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விதியை அறிவித்தேன். எங்களுக்கு ஒரு மகள். அப்போது சின்னப் பிள்ளை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய், அந்த பஸ்ஸுக்கு ஏதும் நடந்தால் பிள்ளைக்கு யாரும் இல்லை. வெவ்வேறு பஸ்ஸில் போனால் ஒருவர் மிஞ்சுவோம். ஆகவே வெவ்வேறு பஸ். இதைக் கரும்பலகையில் எழுதாத குறையாகச் சொன்னேன். பழைய கிரேக்கர்களையும் துணைக்கு அழைத்தேன். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கிறவனுக்குப் பயமில்லை என்றேன். குண்டு நம் கையில் இல்லை, பஸ் நம் கையில் இருக்கிறது.

அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப பிள்ளை எந்த பஸ்ஸில வாறது?"

பிள்ளைக்கு ஒருவர் மிஞ்ச வேண்டும் என்பதற்காக இரண்டு பஸ். பிள்ளை ஏதாவது ஒரு பஸ்ஸில் இருக்கத்தானே வேண்டும். அந்த பஸ் போனால் மிஞ்சுகிறவர் யாருக்காக மிஞ்சுவது? மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போக அக்கா சம்மதிக்க மாட்டார். இரண்டு நாள் யோசித்தேன். யோசித்து, ஒரு கிழமை மகள் தாயோடு, அடுத்த கிழமை என்னோடு என்று முடிவு சொன்னேன். அது கேள்விக்கு விடையில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் நியாயமாகப் பங்கு பிரித்ததில் இரண்டு பேருக்கும் ஒரு திருப்தி.

"சரி, நீங்கள் படிச்சனீங்கள்," என்றாள் அவள். அதை அன்று பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இந்த விதியை உலகத்திலேயே நான்தான் கண்டுபிடித்தேன் என்று கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன். எங்கள் மாடிக்குடியிருப்பு மின்தூக்கியில் ஒருநாள் மேல்வீட்டுக்காரர் சொன்னார், தானும் மனைவியும் ஒரே ரயிலில் வேலைக்குப் போவதில்லையாம். கீழ்வீட்டுக்காரர் குடும்பம் கோயிலுக்கு இரண்டு ஓட்டோவில் போனது. அவர்கள் யாரும் அளவையியல் படித்தவர்கள் இல்லை. சும்மா பயந்தவர்கள். நான் மட்டும் காரணத்தோடு பயந்தேன்.

யார் முன் பஸ், யார் பின் பஸ் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. அவள் முன், நான் பின். முன்னால் போகிறவருக்குக் கவலையில்லை, போய்ச் சேர்ந்துவிடுவார். பின்னால் நிற்கிறவர்தான் முன்னால் போன பஸ்ஸை நினைத்துப் பயந்துகொண்டு நிற்க வேண்டும். அந்தக் கஷ்டமான பங்கை நான் எடுத்துக்கொண்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. தியாகம் என்ற சொல்லைக்கூட ஓரிரு தடவை மனதுக்குள் பாவித்திருக்கிறேன்.

நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவள் எப்போதும் குசினியில் இருப்பாள். முன்னால் வெங்காயம் இருக்கும், கையில் கத்தி இருக்கும், கண் கலங்கியிருக்கும். "அக்கா வீட்டு வெங்காயத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு காரம்?" என்று நான் பகிடி விடுவேன். ஒவ்வொரு ஞாயிறும் அதே பகிடி. அக்கா சிரிக்க மாட்டார். அக்காவுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. தூரத்தில் எங்கேயோ சத்தம் கேட்டதாக ஆட்கள் சொன்னார்கள். வடக்குப் பக்கம் என்றார் ஒருவர், பஸ் ஒன்று என்றார் இன்னொருவர். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். மகள் அன்று என்னோடு இருந்தாள். தொலைபேசிக் கூண்டில் வரிசை நின்று எடுத்தால் இணைப்பு இல்லை. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். கிரேக்கர்கள் ஒருவரும் கூட வரவில்லை. கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டு நடந்தேன், கடவுள் உண்டா என்பதற்கு எதிராக மூன்று வாதங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற அதே வாயால்.

கொட்டாஞ்சேனைச் சந்தியால் திரும்பி, வீட்டுக்குள் நுழைந்தால், அவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வழி முழுக்கத் தூக்கி வந்த பயம் முகத்தில் தெரியப் பார்த்தது. அதை மறைப்பதற்காகச் சத்தம் போட்டேன். "ஊரே எரியுது, நீர் இஞ்ச ஆறுதலா வெங்காயம் வெட்டுறீர்!" அவள் தலை நிமிரவில்லை. மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு போர் முடிந்தது. சாவடிகள் போயின. பொட்டு நெற்றியிலேயே இருந்தது. விதியைத் தளர்த்தலாமா என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். என்னுடைய யோசனை எப்போதும் ஆழமானது, ஆகவே வருடக்கணக்கில் போனது. அதற்கிடையில் ஒரு உயிர்த்த ஞாயிறு காலை, பூசை நேரத்தில், கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அக்கா வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. "பாத்தீரே, நான் சொன்னனான்," என்றேன் மனைவியிடம். சொன்ன அடுத்த நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தனை பேர் செத்த நாளில் என் விதி சரி என்று நிறுவிக்கொண்டிருந்தேன். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் பெயர் கொண்டவர்கள் என்பதால், துணிக்கடை முதலாளி அதன்பிறகு பல மாதங்கள் தன் கடை வாசலில்கூட நிற்கப் பயந்து உள்ளேயே இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை மட்டும் அசைப்பார். நானும் அசைப்பேன். மனைவி முன் பஸ்ஸில் போனாள், நான் பின் பஸ்ஸில் போனேன்.

இப்போது மகள் மெல்பேணில் இருக்கிறாள். இந்த வருடம் அவளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. முதல் பிள்ளை. "அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, ரெண்டு பேரும் முதலே வந்து நில்லுங்கோ," என்று தொலைபேசியில் சொன்னாள். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. மனைவி அன்றைக்கே மிளகாய்த்தூள் இடிக்க ஆளைப் பிடித்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கரைத்துக் கொடுக்கும் மருந்துச் சரக்கான காயத்துக்குச் சாமான் வாங்கி, வறுத்து, பொதி பண்ணி வைத்தாள். மாடி முழுக்க மணத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைக் கண்டு கனகாலம்.

டிக்கட் போடுகிற பொறுப்பு என்னுடையது. காலி வீதியிலுள்ள டிரவல்ஸ் கடைக்குப் போனேன். கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த பிள்ளை, "ரெண்டு பேருக்கும் எந்தத் திகதி அங்கிள்?" என்று கேட்டது.

"அவவுக்கு வியாழன். எனக்குச் சனி," என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அந்தப் பிள்ளை என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு அச்சடித்துத் தந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை வாசித்தாள். மற்றதை வாசித்தாள். பிறகு இரண்டையும் மேசையில் வைத்தாள்.

"ஏன் ரெண்டு பிளேன்?"

"நல்லதுக்குத்தானே. விமானம் எண்டது பஸ்ஸைவிடப் பாதுகாப்பானது. நீர் பயப்பிடத் தேவையில்லை."

"பாதுகாப்பெண்டா ஏன் ரெண்டு?"

நான் பதிலுக்கு மகளை இழுத்தேன். பிள்ளைக்கு ஒருவராவது மிஞ்ச வேண்டாமா என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். களைத்துப்போய்ப் பார்த்தாள்.

"அவளுக்கு இப்ப புருசன் இருக்கிறான், வீடு இருக்கு, வயித்தில பிள்ளை இருக்கு. ஆருக்கு இப்ப ஒருத்தர் மிஞ்சோணும்? நீங்கள் போய்ட்டா நான் மிஞ்சியிருந்து என்ன செய்யிறது? அதை ஒருநாளாவது யோசிச்சனீங்களோ?"

நான் மேசையிலிருந்த டிக்கட்டை எடுத்துத் திகதியைப் பார்த்தேன்.

"நான் போகேல்லை," என்றாள். "நீங்கள் வியாழனும் போங்கோ, சனியும் போங்கோ."

முதலில் நம்பவில்லை. இரண்டு நாளில் இறங்கிவருவாள் என்று நினைத்தேன். இரண்டு நாளில் காயப்பொதி அலுமாரிக்கு மேலே ஏறியது. மகள் எடுத்தபோது, "எனக்கு முழங்கால் ஏலாது பிள்ளை, அப்பா வருவார்," என்று சொன்னாள். நான் என்ன செய்வேன்? காயம் கரைக்கவும் தெரியாது, பிள்ளை குளிப்பாட்டவும் தெரியாது. அந்தப் பக்கத்தில் மகள் அழுதுவிட்டாள். எனக்குக் கேட்டது. மனைவி தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

சுவர் விழுந்து எவ்வளவு காலம் என்று அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தேன். மகள் கல்யாணம் கட்டிப் போன அன்றே எடுகூற்று விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஞாயிறெல்லாம் நான் அந்தரத்தில் நின்ற கூரையின் கீழே பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். அப்படித் தெரிந்த பிறகாவது ஓடிப்போய் டிக்கட்டை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. காரணம் போனாலும் பயம் போகவில்லை. அவளோடு ஒன்றாக ஒரு வாகனத்தில் ஏறுவதை நினைத்தாலே அடுத்ததில் வரலாம் என்றுதான் மனம் சொன்னது. நான் பயந்தாங்கொள்ளி. இத்தனை வருடமாக அதற்கு அளவையியல் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆகவே ஒரு கோழை செய்யக்கூடியதைச் செய்தேன். மனைவியிடம் நேரே கதைக்காமல், அவளுக்குப் புத்தி சொல்லும்படி கேட்க அக்காவிடம் போனேன். அது ஒரு வேலைநாள். வீட்டில் சொல்லவில்லை.

அக்கா முன்விறாந்தையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தெருவோரம் இரும்புக் கேற், அதற்கு உள்ளே விறாந்தை. நான் விஷயத்தைச் சொன்னேன். எனக்குச் சாதகமாகத்தான் சொன்னேன். அக்கா கீரையை ஒரு பக்கம் வைத்தார்.

"தம்பி, நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்கக் கூடாது. அவள் சொல்லவேண்டாம் எண்டவள். சத்தியம் வாங்கினவள். எனக்கும் வயசு போகுது, இனி ஆருக்குச் சொல்லுறது."

"சொல்லுங்கோ அக்கா."

"அவள் ஒவ்வொரு ஞாயிறும் இஞ்ச வந்தா உள்ளுக்கை வரமாட்டாள். செருப்பும் கழட்டாள். உந்தக் கேற்றைப் பிடிச்சுக்கொண்டு ரோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பாள். சந்தியில ஒவ்வொரு பஸ்ஸா நிக்கும். இறங்கிற ஆக்களை ஒவ்வொருத்தரா பாப்பாள். நீங்கள் இறங்கிறதைக் கண்டாப் பிறகுதான் ஓடிவந்து குசினிக்கை இருப்பாள்."

"ஏன் ஓடுறவ?"

"நீங்கள் பகிடி பண்ணுவியள் எண்டு. பயப்பிடுறது மூளையில்லாத ஆக்கள் எண்டு நீங்கள் பிரசங்கம் வைக்கிறனீங்களாம்."

நான் கேற்றைப் பார்த்தேன். பழைய பச்சைக் கேற். மேல்கம்பியில் ஒரு இடத்தில் மட்டும் பெயின்ற் இல்லாமல் இரும்பு மினுங்கியது. அதை நான் ஒவ்வொரு கிழமையும் தள்ளித் திறந்துகொண்டு வந்திருக்கிறேன்.

"அந்தக் குண்டு வெடிச்ச நாள், நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த நாள்," என்று அக்கா தொடர்ந்தார். "அண்டைக்கு அவளின்ர கையைக் கேற்றிலையிருந்து எடுக்கேலாமக் கிடந்தது தம்பி. விரல் இறுகிப்போச்சு. நீங்கள் சந்தியால வாறதைக் கண்டாப் பிறகு நான்தான் விரலை ஒவ்வொண்டா விரிச்சு, இழுத்துக்கொண்டு போய் இருத்தி, கையில வெங்காயத்தைக் குடுத்தனான். அதுக்குப் பிறகு நெடுக வெங்காயம்தான். வெட்டின வெங்காயத்துக்கு நான் கிழமை முழுக்கச் சம்பல் போட்டனான்."

நான் அன்று அவளிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஆறுதலாக வெங்காயம் வெட்டுகிறீர் என்று சொன்னேன். பின்னால் நிற்கிறவருக்குத்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். பின்னால் நின்ற எனக்குத் துணிக்கடைப் பொம்மையும் முதலாளியின் கதையும் இருந்தன. போய்ச் சேர்ந்தவளுக்குத்தான் ரோட்டைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அடக்க முயன்றேன், முடியவில்லை. பக்கத்தில் கிடந்தது கீரை. சாட்டுச் சொல்ல ஒரு வெங்காயம்கூட இல்லை.

"தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டுக்கொண்டு அக்கா உள்ளே போனார். திரும்பி வர வேண்டுமென்றே நேரம் எடுத்தார்.

அன்று பின்னேரம் டிரவல்ஸ் கடைக்குப் போய், இரண்டு பேரையும் சனிக்கிழமை விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தேன். மனைவி வாசித்தாள்.

"ஏன், அக்கா பேசினவவோ?"

"இல்லை. நான் யோசிச்சனான்."

"நீங்களோ?" என்றாள். கொஞ்சம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "உங்களை எனக்குத் தெரியும். ஏயாப்போட் வரைக்கும் வந்திட்டு, நீர் போம், நான் அடுத்ததில வாறன் எண்டு நிப்பியள். முதல்ல ஞாயிற்றுக்கிழமை என்னோட பஸ்ஸில வாங்கோ. பிறகு பிளேனைப் பாப்பம்."

காயப்பொதி அலுமாரிக்கு மேலேயே இருந்தது.

ஞாயிறு வந்தது. தரிப்பிடத்தில் நின்றோம். அவள் முன்னால், நான் இரண்டடி பின்னால். மட்டக்குளி பஸ் வந்தது. அவள் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. என் வலதுகால் நிலத்திலிருந்து கிளம்ப மறுத்தது. நான் அதற்குக் காரணம் சொல்லிப் பார்த்தேன். போர் முடிந்துவிட்டது என்றேன். மகள் வளர்ந்துவிட்டாள் என்றேன். கால் அளவையியல் படிக்காதது. "நகின்ன, நகின்ன!" என்று ஏறச் சொல்லிக் கொண்டக்டர் சிங்களத்தில் கத்தினான். பஸ் உருளத் தொடங்கியது. படிக்கு மேலே அவளுடைய சேலைத் தலைப்பு தெரிந்தது. இந்த பஸ் போனால் அவள் மறுபடியும் அந்தக் கேற்றடியில் போய் நிற்பாள். அந்த நினைப்பில் பாய்ந்து கம்பியைப் பிடித்தேன். என் வயதுக்காரர் செய்யக்கூடாத பாய்ச்சல். ஒரு செருப்பு ரோட்டில் விழுந்தது.

துணிக்கடை முதலாளி ஓடிவந்து செருப்பை எடுத்து, பஸ்ஸோடு நாலடி ஓடி, என் கையில் தந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! கோவம் தீர்ந்து ராசியாயிட்டீங்க!" என்று இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

"அந்தாள் ஏன் அப்பிடிச் சொல்லுது?" என்று மனைவி கேட்டாள்.

"பிறகு சொல்லுறன்," என்றேன். இன்னும் சொல்லவில்லை.

இரண்டு பேர் இருக்கக்கூடிய இருக்கை கிடைத்தது. யன்னல் பக்கம் அவள் இருந்தாள். நான் குனிந்து கீழே பார்த்துவிட்டுத்தான் இருந்தேன். பம்பலப்பிட்டி வருவதற்குள் தூங்கிப்போனாள். தலை மெதுவாகச் சரிந்து என் தோளில் விழுந்தது. அவள் பஸ்ஸில் தூங்குகிறவள் என்பதே எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நானோ தடிபோல நிமிர்ந்து இருந்தேன். மருதானையில் ஒரு மனிதர் பெரிய பை ஒன்றை எங்கள் காலடியில் வைத்துவிட்டு முன்பக்கம் போனார். எனக்கு வியர்த்து ஊற்றியது. "மஹத்தயா, பேக் எக்க!" என்று பையைக் காட்டிச் சிங்களத்தில் கத்தினேன். அவர் திரும்பி வந்து பையைத் திறந்து காட்டினார். உள்ளே ரம்புட்டான். ஒரு கொத்து எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். அவள் இதற்கெல்லாம் விழிக்கவில்லை. தோள் மரத்துவிட்டது. அசைக்காமல் வைத்திருந்தேன். பயம் குறையவே இல்லை. ஆனால் அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதற்காக இன்னும் எத்தனை பஸ்ஸிலும் பயப்படலாம் என்று தோன்றியது.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் எழுப்பினேன். இறங்கி, ஒன்றாக நடந்தோம். ஒருவர் கையில் பை, ஒருவர் கையில் ரம்புட்டான். அக்கா வீட்டுக் கேற்றைத் திறந்து நான் உள்ளே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவள் வரவில்லை.

கேற்றடியில் நின்றாள். ஒரு கை மேல்கம்பியில், பெயின்ற் போன அந்த இடத்தில். முகம் ரோட்டுப் பக்கம். சந்தியில் அடுத்த மட்டக்குளி பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வெறுங்காலோடு திரும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை.

"இஞ்சேரும்," என்றேன். "நான் வந்திட்டன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.